கண்ணும் கைவைத்தியமும்



சென்ற திங்களில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் கையில் ஒரு சிறு புட்டியுடன் வந்தார். "சாமி, பேரன் பிறந்து எட்டு நாளாகிறது. இரண்டு கண்ணிலும் பீளை தள்ளுகிறது. இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. தாய்ப்பால்தான் விட்டு வருகிறோம். கொஞ்சம் தீர்த்தம் தாருங்கள், அதையும் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கிறோம்" என்றார்.

"அம்மா, செபிக்கிறேன், தீர்த்தமும் தருகிறேன். அதைக் குழந்தையின் நெற்றியில் இடுங்கள், கண்ணில் விடவேண்டாம். இப்போதே குழந்தையை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்" என்றேன்.

அவர் முகம் வாடியது. "ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள் சாமி நான். ஒன்றுக்காவது கண்ணுக்கென்று டாக்டரைத் தேடியதில்லை. எல்லாம் தாய்ப்பாலிலேயே குணமாயிற்று" என்றார். ஆயினும் சொன்னபடி செய்தார். குழந்தைக்கு உரிய மருந்து கிடைத்தது, இப்போது நலமாயிருக்கிறது.

அந்த அம்மாவின் சொல்லில் பொய் இல்லை. ஐந்து பிள்ளைகளும் குணமானது மெய்யே. அவ்வாறாயின் ஆறாவது குழந்தைக்கு மட்டும் மருத்துவர் எதற்கு? முற்றத்தில் நின்றபடியே அதற்கு முழுவிடை கூற அன்று இயலவில்லை. எனவே இத்திங்கள் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

அன்பின் மருந்துகள்

கண் சிவந்தால் நம் இல்லங்களில் கைக்கொள்ளும் பொருள்களை எண்ணிப் பாருங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர், நந்தியாவட்டைப் பூவின் சாறு, சின்ன வெங்காயச் சாறு. சில சிற்றூர்களில் கோழி இரத்தமும் உண்டு. கற்றவர்கள் சிலர் இவற்றைக் கேட்டு நகைப்பர். நகைப்பதற்குரியவை அல்ல இவை. பேருந்தும் மருத்துவமனையும் இல்லாத காலத்தில், பிள்ளையின் அழுகையைப் பொறுக்கமாட்டாத தாய்மார் கைக்கெட்டியதைக் கொண்டு செய்த அன்பின் செயல்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம் சித்த மருத்துவ மரபு கண்ணோய்களை 96 என்று வகுத்தது. நோய்தோறும் குறியையும் குணத்தையும் பிரித்துப் பார்த்தே மருந்து கூறியது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர், தம் காலத்துக் கண்ணோயாளர்களைப் பற்றிய குறிப்புகளை, அவர்தம் கண்களின் வண்ண ஓவியங்களோடு எழுதிவைக்கச் செய்தார். அவை இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. பார்த்து, வேறுபடுத்தி, பின்னரே மருந்திடுவது நம் முன்னோரின் நெறி. நாமோ அந்தப் 'பார்த்தல்' என்பதை விட்டுவிட்டோம். 'மருந்திடுதல்' ஒன்றையே பிடித்துக்கொண்டோம். 96 நோய்க்கும் ஒரே சொட்டுப் பால் என்றாகிவிட்டது. கேடு இங்கேதான் தொடங்குகிறது.

கண் சிவத்தல் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. அது வாசலில் ஒருவர் கதவைத் தட்டும் ஓசை போன்றது. தட்டுபவர் உறவினரா, கள்வரா என்று ஓசையைக் கொண்டு சொல்ல இயலாது.

எட்டாம் நாள் குணம்

நாம் அடிக்கடி காண்பது 'மெட்ராஸ் ஐ' என்று வழங்கும் கண்ணோய். கண்ணின் வெண்பகுதியையும் இமையின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு வீங்கிச் சிவந்துவிடுகிறது. நீர் வடியும், உறுத்தும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லாருக்கும் வரும். பெரும்பாலும் இதற்குக் காரணம் வைரஸ் கிருமிகள். அவற்றுள் முதன்மையான அடினோ வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1953-ஆம் ஆண்டில்.

பெயரில் சென்னை இருந்தாலும் இது சென்னையின் சொத்து அன்று. 1969-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், கண்ணில் இரத்தம் கட்டும் ஒருவகைக் கண்ணோய் பரவியது. மனிதன் நிலவில் கால்வைத்த ஆண்டு அது. ஆகவே மக்கள் அதனை 'அப்பல்லோ' நோய் என்றார்கள். அந்நோய் ஆசியாவுக்கும் வந்தது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது அகதிகள் திரண்டு வந்த வேளையில் மேற்கு வங்கத்தில் பரவியமையால், அங்கே அதற்கு 'ஜெய் பங்களா' என்றே பெயர் வழங்கலாயிற்று. நம் தமிழகத்திலும் மழைக்காலந்தோறும் இவ்வகை நோய்கள் தலைகாட்டுகின்றன. 2022 நவம்பரில் மிகுதியாகப் பரவியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள்.

இந்நோயின் இயல்பு யாதெனில், மருந்து எதுவும் இடாவிட்டாலும் பெரும்பாலோர்க்கு ஓரிரு வாரங்களில் தானே தணிந்துவிடும். நம் உடலில் இறைவன் வைத்துள்ள எதிர்ப்பாற்றலே அதனை வென்றுவிடுகிறது. மூன்றாம் நாள் தாய்ப்பால் விட்டோம். எட்டாம் நாள் குணமாயிற்று. பெயர் யாருக்கு? தாய்ப்பாலுக்கு. பக்கத்து வீட்டார் வெங்காயச் சாறு விட்டார்கள். அவர்களுக்கும் எட்டாம் நாள் குணமாயிற்று. எதிர்வீட்டார் ஒன்றுமே விடவில்லை. அவர்களுக்கும் எட்டாம் நாளே. ஆனால் ஒன்றும் செய்யாமற் குணமானவரின் கதையை எவரும் ஊரில் சொல்லித் திரிவதில்லை. சேவல் கூவியதனாலேயே பொழுது புலர்ந்தது என்று எண்ணுவதைப் போன்றது இது.

மூதாட்டியின் ஐந்து பிள்ளைகள் குணமான விதம் இதுவாக இருக்கலாம். சேவல் கூவுவதால் கேடு ஒன்றுமில்லை. ஆனால் கண்ணுக்குள் ஊற்றிய பொருளால் கேடு உண்டு. பாலும் தேனும் பூச்சாறும் நம் கண்ணுக்குத் தூயவையாகத் தோன்றலாம். கிருமி நீங்கியவை அல்ல. புண்ணில்லாத கண் பெரும்பாலும் அதனைத் தாங்கிக்கொள்ளும். புண்பட்ட கண் தாங்காது.

பூ விழும் கண்

கண்ணின் கருமணிக்கு முன்னே, கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல ஒரு படலம் அமைந்திருக்கிறது. அதைக் கருவிழிப் படலம் என்போம். அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். ஒளி தடையின்றிப் புகவேண்டும் என்பதற்காக அதில் இரத்தக் குழாய்களே இல்லை. மற்ற உறுப்பில் கீறல் பட்டால் இரத்தம் ஓடிவந்து கிருமிகளோடு போரிடும். இங்கே அந்தப் படை எளிதில் வந்துசேராது. நெற்கதிரின் சுணையோ, கரும்புத் தோகையோ, வைக்கோல் துரும்போ இப்படலத்தில் கீறினால், அந்தக் கீறலின் வழியே கிருமி உள்நுழைகிறது. அதுவே கருவிழிப் புண். புண் ஆறினாலும் வெண்தழும்பு நிற்கும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று நம் மக்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அதன் பிறகு, இறந்தோர் ஒருவர் கொடையாகத் தந்த கருவிழியைப் பொருத்தினாலன்றிப் பார்வைக்கு வழியில்லை. அதுவும் எல்லாருக்கும் கைகூடுவதில்லை.

1994-ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை, அறுவடைக் காலமாகிய மூன்று மாதங்களில், மதுரையில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுள் 284 பேருக்குக் கண்ணில் முன்னதாக ஏதோ ஓர் அடியோ கீறலோ பட்டிருந்தது. 297 பேரின் புண்ணிலிருந்து கிருமியைப் பிரித்தறிய முடிந்தது. அதில் 140 பேருக்குப் பாக்டீரியா. 139 பேருக்குப் பூஞ்சைக் காளான். இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பதைக் கருதிப் பாருங்கள். பாக்டீரியாவுக்குத் தரும் மருந்து காளானுக்கு ஆகாது. புண்ணிலிருந்து சிறிது சுரண்டி, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்துத்தான் இன்னது என்று அறிகிறார்கள். தேர்ந்த மருத்துவரே பார்த்தமாத்திரத்தில் உறுதி கூறத் தயங்கும் ஒன்றை, அடுப்பங்கரையில் நின்றுகொண்டு நாம் எவ்வாறு கூறமுடியும்?

என் பிழை

இதனை நான் இவ்வளவு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 25 ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்ற புதிதில், காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூரில் பணியாற்றினேன். தை மாதம், ஊரே களத்துமேட்டில் இருந்தது. முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண்மணி. இரு பிள்ளைகளின் தாய். பகலில் வயல்வேலை, மாலையில் பூக்கட்டிக் கோயில் வாசலில் விற்பார். நெல் தூற்றும்போது அவர் வலக்கண்ணில் பதர் விழுந்துவிட்டது. உடன் வேலைசெய்த ஒருவர் நாக்கின் நுனியால் அதை எடுத்துவிட்டார். மாலையில் அண்டைவீட்டுத் தாய் ஒருவரின் பாலை விட்டார்கள். மறுநாள் ஏதோ பச்சிலைச் சாறு. நான்காம் நாள் என்னிடம் வந்தார்.

"சாமி, கண்ணைத் திறக்கமுடியவில்லை. டவுனுக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். உங்களிடம் மருந்து ஏதேனும் இருக்குமா?"

இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் என் கண் சிவந்தபோது மருத்துவர் எழுதித் தந்த சொட்டு மருந்தில் பாதி, மேசை இழுப்பறையில் மீந்துகிடந்தது. படித்தவன் என்ற நினைப்பு. உதவவேண்டும் என்ற ஆவல். எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் சிவப்புத் தணிந்தது, உறுத்தலும் குறைந்தது. நன்றி கூற வந்தார்; ஒரு முழம் மல்லிகையை மாதா பீடத்தில் சாத்திவிட்டுச் சென்றார். எனக்கு மகிழ்ச்சி. அடுத்த வாரம் ஞாயிறன்று அவரைப் பார்த்தபோது கருமணியின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. உபதேசியாரையும் உடனழைத்துக்கொண்டு, பேருந்தேறி நகரத்துக் கண் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றேன்.

மருத்துவர் சோதித்தபின், "இதுவரை கண்ணில் என்னென்ன விட்டீர்கள்?" என்று வினவினார். அவர் ஒன்றொன்றாகச் சொன்னார். கடைசியாக, "சாமி கொடுத்த மருந்து" என்றார். புட்டியை நான் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். மருத்துவர் அதன் பெயரைப் படித்தார். அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. என் நோய்க்கு அது ஏற்றது. அவர் கண்ணில் இருந்ததோ பதரோடு வந்த காளான். ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கிவிடும். கூடவே உடலின் எதிர்ப்பாற்றலையும் அடக்கிவிடும். வீடு எரிந்துகொண்டிருக்கையில் புகையை மட்டும் மறைத்தது போலாயிற்று. சிவப்புத் தணிந்தது என்று நாங்கள் மகிழ்ந்த நாள்களில் காளான் ஆழமாக வேரூன்றிக்கொண்டிருந்தது.

பல வாரச் சிகிச்சைக்குப் பின் கண்ணை எடுத்துவிடாமற் காக்க முடிந்தது. பார்வையைக் காக்க முடியவில்லை. அந்தக் கண்ணுக்கு இருளும் ஒளியும் மட்டுமே தெரிந்தன. வயல்வேலைக்கு மீண்டும் போனார். பூக்கட்டுவதில்தான் நார் எங்கே, காம்பு எங்கே என்று கை தடுமாறிற்று. சில மாதங்களில் அதை விட்டுவிட்டார். என்னை ஒரு சொல்லும் குறைகூறவில்லை. ஒரு நாள் கூலியை அன்று நான் கொடுத்து நகருக்கு அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

பத்திரிகையில் பாவசங்கீர்த்தனம் செய்வதற்காக இதனை எழுதவில்லை. கைவைத்தியம் என்றவுடன் பாட்டிமாரின் பாலையும் பூச்சாற்றையும் மட்டுமே நாம் குறைகூறுகிறோம். இழுப்பறையில் மீந்த புட்டியும் கைவைத்தியமே. பக்கத்து வீட்டார் கடனாகத் தந்த சொட்டு மருந்தும், மருந்துக்கடையில் 'கண் சிவப்புக்கு ஏதாவது தாருங்கள்' என்று கேட்டு வாங்குவதும் கைவைத்தியமே. படித்தவர் செய்யும் கைவைத்தியத்துக்கு அச்சிட்ட பெயர்ச்சீட்டு இருக்கிறது; அவ்வளவே வேற்றுமை.

பதினெட்டு மணி நேரம்

நேபாள நாட்டில் பக்தபூர் என்னும் பகுதியில் நடந்த ஓர் அரிய பணியைப் பற்றிய அறிக்கை 2001-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பயிற்சி பெற்ற சிற்றூர் நலப்பணியாளர்களைக் கொண்டு 34,902 மக்களை ஈராண்டு கண்காணித்தார்கள். கண்ணில் துரும்பு பட்டவர்கள் உடனே வந்து காட்டும்படி கற்பித்தார்கள். கருவிழியில் சிராய்ப்பு உண்டான 442 பேருக்கு, குளோராம்பெனிகால் என்னும் எளிய களிம்பை நாளுக்கு மூன்றுமுறையாக மூன்று நாள் இட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்கள் 284 பேர். அவர்களுள் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 மணிக்குமேல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு வந்தது. ஒருநாள் கடந்து, இரண்டாம் நாள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது.

விலையுயர்ந்த மருந்தன்று; பெரிய கருவியன்று. விரைவு ஒன்றே அங்கே கண்களைக் காத்தது. கைவைத்தியத்தால் விளையும் முதற்கேடு அந்தப் பொருளால் வரும் நஞ்சன்று; அதைப் போட்டுவிட்டு 'பார்ப்போம்' என்று காத்திருக்கும் அந்த இரண்டு நாள்கள்தாம்.

பிறந்த குழந்தையின் கண்

இனி மூதாட்டியின் பேரனிடம் வருவோம். பிறந்த முதல் மாதத்தில் குழந்தையின் கண்ணில் சீழ் போன்ற பீளை தள்ளினால், அது பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றிய கிருமியாக இருக்கலாம். அவற்றுள் சில ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடும் கொடுமை வாய்ந்தவை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கண்ணிழந்த குழந்தைகளுள் பலர் இவ்வாறு இழந்தவர்களே. செருமனியின் லைப்சிக் நகரத்து மகப்பேற்று மருத்துவமனையில், பிறந்த குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு இந்நோய் வந்துகொண்டிருந்தது. அங்கிருந்த கார்ல் கிரேடே என்னும் மருத்துவர் 1880-இல், பிறந்தவுடன் ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஒரு சொட்டு இடச் செய்தார். நோய் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. இன்று அதனினும் மேலான மருந்துகள் உள்ளன.

ஆகவே, பச்சிளங்குழந்தையின் கண்ணில் பீளை என்றால், அது சாதாரணக் கண்ணீர்க்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். கண்ணைப் பறிக்கும் நோயாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்த்தாலன்றித் தெரியாது. தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமுதம். அதனைக் கண்ணுக்கு மருந்தாக்கவேண்டாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

'அப்படியானால் வீட்டில் ஒன்றுமே செய்யக்கூடாதா, சாமி?' என்று கேட்பீர்கள். செய்யலாம், செய்யவும் வேண்டும். ஒரு விதியை மட்டும் நெஞ்சில் பதியவையுங்கள். மூடிய இமையின்மேல் வைப்பது வேறு. திறந்த கண்ணுக்குள் ஊற்றுவது வேறு. முன்னதற்கு வீட்டில் இடமுண்டு. பின்னதற்கு, தூய நீர் நீங்கலாக, மருத்துவர் தந்தது ஒன்றே.

கொதித்து ஆறிய நீரில் தூய பருத்தித் துணியை நனைத்து, மூக்கின் ஓரத்திலிருந்து வெளிப்புறமாகப் பீளையைத் துடையுங்கள். ஒருமுறை துடைத்த துணியால் மறுகண்ணைத் துடைக்காதீர்கள். தொடுமுன்னும் தொட்டபின்னும் சவுக்காரமிட்டுக் கை கழுவுங்கள். நோயுற்றவரின் துண்டும் தலையணை உறையும் தனியே இருக்கட்டும். கண்மையை ஒருவர்க்கொருவர் பகிர வேண்டாம். நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது வீணச்சம். இந்நோய் பார்வையால் பரவுவதில்லை. கையாலும் துணியாலும் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி நோயாளியின் கூச்சத்தைத் தணிக்கும், பிறரைக் காக்காது.

மெட்ராஸ் ஐ கண்டவர், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய இமையின்மேல் வைத்துக்கொள்ளலாம், இதமாக இருக்கும். நந்தியாவட்டைப் பூவின் குளிர்ச்சியை விரும்புவோர், அதைக் கழுவி மூடிய இமையின்மேல் வைத்து எடுத்துவிடலாம். பிழிந்து உள்ளே விடவேண்டாம்.

கண்கட்டி வந்தால் நம் தாய்மார் விரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி இமையில் ஒற்றுவார்கள். இங்கே அவர்கள் எண்ணம் சரியே. கண்கட்டிக்குச் சூடு நல்லது. ஆனால் விரலுக்குப் பதில், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். கட்டியைப் பிதுக்கவேண்டாம்.

தூசி விழுந்தால் கண்ணைக் கசக்காமல் தூய நீரால் அலசுங்கள். நாக்காலோ, முந்தானை நுனியாலோ எடுக்க முயலாதீர்கள். போகாவிட்டால், அல்லது நெல், கரும்பு, வைக்கோல் போன்றவற்றால் கீறல் பட்டால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் தெறித்தால் ஒரு நொடியும் தாமதியாமல் குழாயடியில் கால்மணி முதல் அரைமணி நேரம் நீரால் கழுவிக்கொண்டே இருந்து, பின்னர் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

திறந்து ஒரு மாதம் கடந்த சொட்டு மருந்தை எறிந்துவிடுங்கள். ஒருவர் மருந்தை மற்றவர் பயன்படுத்தவேண்டாம். முருங்கைக் கீரையும் பப்பாளியும் கேரட்டும் பிள்ளைகளின் கண்ணைக் காக்கும் வைட்டமின் 'ஏ' சத்தைத் தருவன. கீரையைச் சோற்றோடு பிசைந்து வாயில் ஊட்டுங்கள். அதன் சாற்றைக் கண்ணில் பிழியாதீர்கள்.

பின்வரும் குறிகளில் ஒன்று தோன்றினாலும் வீட்டில் இருக்கலாகாது: கண்ணில் கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பொறுக்க இயலாமை, கருமணியில் வெண்புள்ளி, அடியோ கீறலோ பட்ட கண், கான்டாக்ட் லென்ஸ் அணிபவரின் சிவந்த கண், பச்சிளங்குழந்தையின் கண்ணில் பீளை, மூன்று நாளாகியும் தணியாத சிவப்பு.

தூய்மை எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு ஒரு சான்று. டிரக்கோமா என்னும் தொற்றுநோய் நம் நாட்டில் எண்ணற்றோரின் பார்வையைப் பறித்து வந்தது. மருந்தும் அறுவைச் சிகிச்சையும் ஒருபுறமிருக்க, குழந்தைகளின் முகத்தை நாள்தோறும் கழுவுதலும் சுற்றுப்புறத் தூய்மையும் அதை எதிர்க்கும் திட்டத்தின் சரிபாதியாக இருந்தன. 2024 அக்டோபரில், பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து இந்நோயை இந்தியா நீக்கிவிட்டது என உலக நலவாழ்வு நிறுவனம் உறுதிசெய்தது. ஒரு குவளை நீரும் சவுக்காரமும் சேர்ந்து செய்த வைத்தியம் இது. கைவைத்தியம் என்ற பெயருக்கு முழுத்தகுதி உடையது.

தோபித்தின் கண்

திருநூலில் மீனின் பித்தால் தோபித்து பார்வை பெற்றார், ஆண்டவரும் சேற்றைப் பூசித்தானே குணமாக்கினார் என்று சிலர் என்னிடம் கூறுவதுண்டு. அவை இறைவனின் அருஞ்செயல்கள். நாம் பின்பற்றுவதற்கு எழுதிய மருந்துச் சீட்டுகள் அல்ல. தோபித்தின் வரலாற்றை முழுமையாகப் படியுங்கள். குருவியின் எச்சம் கண்ணில் விழுந்து வெண்புள்ளிகள் தோன்றின. களிம்புகளைப் பூசப்பூசப் பார்வை மேலும் மங்கி, இறுதியில் முற்றிலும் அற்றுப்போயிற்று என்று அதே நூல் கூறுகிறது. நோய் இன்னதென்று அறியாமல் பூசுவதன் பயனை அந்த வரிகளைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது. வேளாங்கண்ணியில் வெள்ளிக் கண்ணுருவைக் காணிக்கையாகச் செலுத்துங்கள், தடையில்லை. ஆனால் முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்.

என் மேசை இழுப்பறையில் இன்று சொட்டு மருந்துப் புட்டி எதுவும் இல்லை. அங்கே ஓர் அட்டையில், அரசு மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்துகளின் நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன். அதனருகில் ஓர் உறையில் சிறிது பணம் உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையார் மாதந்தோறும் அதை நிரப்புகிறார்கள். கண்ணில் துரும்பு பட்டு, 'ஒருநாள் கூலி போய்விடுமே' என்று தயங்குவோர்க்காக அது இருக்கிறது. உங்கள் பங்கிலும், உங்கள் தெருவிலும், வயல்வேலைக்கு ஆள் அழைப்போர் இல்லத்திலும் இப்படி ஓர் உறை இருக்குமானால் நலம். வரும் தையில் அறுவடை தொடங்கும். அதற்கு முன்பே அதை ஆயத்தப்படுத்துங்கள்.